கணக்கைத் திறந்து வைத்த பேங்க் ஐயா: செபராங் பிறையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

1969-ல் மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் வங்கிக் கிராணியாக (எழுத்தராக) வேலைக்குச் சேர்ந்து, 2004-ல் தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையின் தெற்கில் ஒரு சிறு பட்டணத்துக் கிளையின் நிர்வாகியாக ஓய்வு பெற்றவர் அவர். அதே பட்டணத்தில் மாரியம்மன் கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளியின் கட்டட நிதிக்கும் பொருளாளராக இருந்தார். ஊரில் பெரியவர்கள் பேங்க் ஐயா என்று கூப்பிடுவார்கள், இளசுகளுக்கு அங்கிள். பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆள் தெரிந்துவிடும் என்பதால் அதையும் விட்டுவிடுகிறேன்.

கோயில், பள்ளி, இளைஞர் மன்றம் என்று நம் அமைப்புகளில் புதிதாகப் பொருளாளர் ஆகிறவர்களோடு உட்கார்ந்து கணக்கு எழுதப் பழக்கும் வேலையை நான் பல காலமாகச் செய்து வருகிறேன். எங்கே போனாலும் ஒரே புலம்பல்தான் காதில் விழும்: "நம்பிக்கையான ஆள் கிடைக்கலை சார்." பேங்க் ஐயாவின் கதையை நான் எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம். அவர் நம்பிக்கையான ஆள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் கையில் இருந்த கோயில் பணம் பத்திரமாக இருந்ததற்கு அவருடைய குணம் மட்டும் காரணமில்லை. பேங்கில் தினமும் செய்து பழகிய நாலைந்து காரியங்களை ஊருக்குள்ளும் அப்படியே செய்தார். அவற்றை யாரும் கற்றுக்கொள்ள முடியும்.

கிட்டங்கியும் பேங்கும்

பிறந்தது தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பா, அம்மா இருவரும் ரப்பர் பால்மரம் வெட்டியவர்கள். தாய்மாமன் மட்டும் தீவில், பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் (வட்டித்தொழில் நடக்கும் கூடத்தில்) சமையல் வேலை பார்த்தார். பள்ளி விடுமுறைக்குப் பையனை அங்கே கூட்டிப் போய்விடுவார்.

அன்றைய பினாங்கில் கடன் கொடுக்கல் வாங்கல் இரண்டு தெருவில் இரண்டு விதமாக நடந்தது. பீச் ஸ்ட்ரீட்டில் வெள்ளைக்காரர் வங்கிகள். இன்றைய ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் 1875-லும் எச்எஸ்பிசி 1884-லும் அங்கே கதவைத் திறந்தவை. ஐரோப்பியக் கம்பெனிகளும் பெரிய சீன வணிகர்களும் அங்கே போவார்கள். சின்னக் கடைக்காரருக்கும் நாலைந்து ஏக்கர் ரப்பர் வைத்திருந்தவருக்கும் அந்தப் படியை மிதிக்கத் தைரியம் வராது. அவர்கள் பினாங்கு ஸ்ட்ரீட் பக்கம் வருவார்கள். நீளமான கூடத்தில் வரிசையாகக் கணக்கு மேசைப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியும் ஒரு மார்க்கா, அதாவது ஒரு தனி நிறுவனம். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வேலை அடுக்கு. கடன் கேட்டு வருபவரின் குடும்பம், தொழில், பழைய பாக்கி எல்லாம் மேலாளுக்கு வாயிலேயே இருக்கும்.

பையன் மனதில் பதிந்தவை இரண்டு. ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அன்றைய கணக்கு காசு சுத்தமாக நேராக வேண்டும். ஐந்து காசு இடித்தாலும் இலை போட மாட்டார்கள். இன்னொன்று மகமை. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் சாமிக்கென்று ஒரு சிறு தொகை தனியாக எழுதப்படும். தர்மம் செய்ய மனசு வருகிற அன்று கொடுப்பது என்ற பேச்சே கிடையாது. அது கணக்கிலேயே ஒரு பற்று. 1850-களில் எழுந்த தண்ணீர்மலை நகரத்தார் கோயிலும், தைப்பூசத்துக்குப் பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி ரதமும் அப்படிப்பட்ட முறையான ஏற்பாட்டில்தான் இத்தனை தலைமுறை தாங்கி நிற்கின்றன. பொதுக்காரியமும் கணக்குப் புத்தகமும் அவருக்கு முதலிலிருந்தே ஒன்றாகத்தான் அறிமுகமாயின.

ஒரு வேலை, நான்கு பெயர்ப்பலகை

அப்போது மலேசியாவில் கிளை வைத்திருந்த இந்திய வங்கிகள் மூன்று: இந்தியன் பேங்க், இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், யுனைடெட் கமர்ஷியல் பேங்க். அவற்றுள் ஒன்றில் 20 வயதில் கிராணியாகச் சேர்ந்தார். சேர்ந்த நேரம் சரியில்லாத நேரம். மே 13 இனக் கலவரம் நடந்த வருடம் அது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற 1968-ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையாகப் பிடிக்கப்பட்டது. குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். புதுக் கிராணிக்கு முதல் வருடம் முழுக்கக் கணக்கு மூடுகிற வேலை. முப்பது வருடம் பால் வெட்டியவர், "எவ்வளவு இருக்குங்கய்யா?" என்று தன் சேமிப்பையே தயங்கித் தயங்கிக் கேட்பார். அவருக்கே தெரிந்திருக்க வேண்டிய தொகையை அவர் ஏன் இன்னொருவரிடம் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கவுன்டரில்தான் தமக்கு வந்தது என்கிறார்.

அதே 1969, ஜூலை 19-ல் இந்தியாவில் 14 பெரிய வங்கிகள் அரசுடைமை ஆயின. இங்கே மலேசியச் சட்டத்தில் வெளிநாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கிக்கு இடமில்லை என்று ஆனபோது, 1973-ல் அந்த மூன்று வங்கிகளின் மலேசியக் கிளைகளும் சேர்ந்து யுனைடெட் ஏஷியன் பேங்க் பெர்ஹாட் உருவானது. அது 1991-ல் பேங்க் ஆப் காமர்ஸோடு இணைந்தது. 1999 அக்டோபரில் பேங்க் பூமிபுத்ராவோடு இணைந்து பூமிபுத்ரா-காமர்ஸ் ஆயிற்று. அவர் ஓய்வு பெற்ற பிறகு 2006-ல் சிஐஎம்பி என்று பெயர் மாறியது. நடுவில் அவர் வேலை செய்த காலத்தில் மட்டும் நான்கு பெயர்ப்பலகை. ஒவ்வொரு முறையும் பாரங்கள் மாறும், முத்திரை மாறும், மேலதிகாரி மாறுவார். வரிசையில் நிற்கும் முகங்கள் மாறவில்லை.

கட்டைவிரலில் இருந்து கையெழுத்து

1970-களின் கடைசியில் பட்டணத்துக் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பதவி உயர்வுக்கு இது குறுக்குவழி இல்லை. தீவிலேயே இருந்திருந்தால் இன்னும் மேலே போயிருக்கலாம் என்று அவரோடு சேர்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

அந்தக் காலத்துப் பட்டணத்துக் கிளையில் எழுதத் தெரியாதவர் கணக்குத் திறந்தால் கட்டைவிரல் ரேகை வைப்பார். ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் அதிகாரி முன்னால் ரேகை வைக்க வேண்டும், சாட்சி வேண்டும். ஆகவே பெண்களோடு பெரும்பாலும் கணவனோ மகனோ கூட வருவார்கள். எவ்வளவு எடுத்தாள், எவ்வளவு மிச்சம் என்பது எல்லாருக்கும் தெரியும். சில வீடுகளில் எடுத்த பணம் பேங்க் வாசலைத் தாண்டுவதற்குள் கைமாறிவிடும்.

அவர் கையாண்ட வழி எளிமையானது. கிளைக்கு வரும் பெண்களுக்கு அவரவர் பெயரைத் தமிழில் எழுதப் பழக்கினார். பேங்குக்கு வேண்டியது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விழுகிற கையெழுத்து. அது எந்த மொழியில் இருந்தாலும் சரி. கெடுவு முடிந்த டெபாசிட் சீட்டுகளின் பின்பக்கத்தில் முதல் எழுத்தைப் போட்டுக் கொடுப்பார். "வீட்டுல எழுதிப் பாத்துட்டு வாம்மா, அடுத்த சம்பளத்துக்கு அட்டையை மாத்திடலாம்." முனியம்மா, காளியம்மா போன்ற பெயர்களுக்கு 'ம்மா' என்ற முடிவு பொதுவாக இருப்பதால் அதை முதலில் கற்றுக் கொடுத்துவிட்டு, முன்பகுதியை அப்புறம் சேர்ப்பாராம். கையெழுத்து அட்டை மாறிய பிறகு அந்தப் பெண் தனியாக வரலாம், தனியாக எடுக்கலாம்.

இதே சமயத்தில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. 1972-ல் தீவில் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கி மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. பிறையிலும் தொழிற்பேட்டைகள் பெருகின. 1985-ல் தீவுக்குப் பாலம் திறந்தது. லயத்துப் பெண்பிள்ளைகள் விடியற்காலையில் பேக்டரி பஸ் ஏறினார்கள். அம்மா தோட்டத்து ஆபீஸ் மேசையில் ரொக்கமாக வாங்கிய இடத்தில், மகளுக்குச் சம்பளம் பேங்கில் விழுந்தது. பெண்களின் பெயரில் கணக்கு என்பது அந்தப் பட்டணத்தில் பழகிப்போனதற்குப் பாதிக் காரணம் தொழிற்சாலை, பாதிக் காரணம் அந்தக் கையெழுத்து அட்டை என்பது என் கணிப்பு.

கூட்டு, கூட்டுறவு

பேங்க் இருந்தாலும் பணம் எல்லாம் பேங்குக்கு வரவில்லை. லயத்தில் கூட்டு (சீட்டு) ஓடியது. 20 பேர், மாதம் ஆளுக்கு 50 வெள்ளி (ரிங்கிட்), சேர்வது 1,000 வெள்ளி. அவசரக்காரர் தள்ளி எடுப்பார், அதாவது ஒரு தொகையை விட்டுக்கொடுத்து முன்னதாக வாங்குவார். சில மாதங்களில் 800-க்குக்கூடப் போகும். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யக்கூடாது என்று 1971-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் நின்றதா என்றால் இல்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு ஜனவரியில் வரும், பேங்க் அதற்குக் கடன் தராது. கூட்டு தந்தது.

பேங்க் ஐயா கூட்டைத் திட்டியதில்லை. யாராவது வந்து கேட்டால், பிடித்த ஆள் ஓடிவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்பார். பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டுவார்: தள்ளி எடுத்த 200 வெள்ளி, கையில் வந்த 800-க்குக் கொடுக்கும் வட்டி, இதையே பேங்கில் சேர்த்து வைத்திருந்தால் இத்தனை மாதத்தில் இவ்வளவு. அந்தத் தாளை அவர்களே எடுத்துப் போகச் சொல்வார். அதைப் பார்த்துச் சிலர் மாறினார்கள், பலர் மாறவில்லை.

1980-களில் வைப்புத்தொகை வாங்கும் கூட்டுறவுச் சங்கங்கள் அதிக வட்டி சொல்லி ஆள் பிடித்தபோது அவருக்குப் பெரும் சோதனை. பேங்கில் இருந்து எடுத்து அங்கே போட வந்தவர்களிடம் நேரிடையாக "போடாதீங்க" என்று சொல்ல அவருக்கு முடியாது. தன் பேங்குக்காகச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொள்வார்கள். 1986-ல் அப்படிப்பட்ட 24 சங்கங்களை மத்திய வங்கியான பேங்க் நெகாரா முடக்கியது. முடங்கிய பணத்தில் அந்தப் பட்டணத்து ஆட்கள் பணமும் இருந்தது. இதைச் சொல்லும்போது இன்றும் அவர் குரல் இறங்கிப்போகிறது. பேங்கில் போடும் பணத்துக்கு பிஐடிஎம் (மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம்) காப்புறுதி 2005-ல்தான் வந்தது. இன்று ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை பாதுகாப்பு உண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் போடுவதற்கு அது கிடையாது. இந்த ஒரு வித்தியாசம் இன்றும் நம்மவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது என்பதை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் பார்க்கிறேன்.

தோட்டம் விலைபோனபோது

இந்த ஆய்வின் மையம் என்று நான் கருதுவது 1990-களின் தொடக்கத்தில் நடந்தது.

தோட்டம் கைமாறுவது நமக்குப் புதிதில்லை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கும் துண்டாடல் நடந்தபோது, அமைச்சராக இருந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, தொழிலாளர்களின் சிறு சிறு சந்தாவைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். ஆனால் செபராங் பிறையில் 1990-களில் நடந்தது வேறு. ரப்பர் ஏற்கெனவே செம்பனையாகியிருந்தது. இப்போது செம்பனை நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயிற்று. வேலை போனது, வேலையோடு லயத்து வீடும் போனது.

கிளையைச் சேர்ந்த ஒரு தோட்டத்தில் நோட்டீஸ் ஒட்டிய வாரம், பேங்க் ஐயா சாயங்காலத்தில் லயத்துக்குப் போனார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கால்குலேட்டர். பிள்ளையார் கோயில் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் கணக்குப் போட்டார். 1980-ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு விதிகள்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடு. அவர் எனக்குப் போட்டுக்காட்டிய ஓர் உதாரணம்: 22 வருடம் வேலை, நாள் சம்பளம் 14 வெள்ளி. 22-ஐ 20-ஆல் பெருக்கினால் 440 நாள். 14-ஆல் பெருக்கினால் 6,160 வெள்ளி. கணவன், மனைவி இரண்டு பேரும் தோட்டத்தில் இருந்தால் ஏறத்தாழ இரண்டு பங்கு.

அடுத்த பக்கத்தில் வீட்டுக் கணக்கு. அன்றைக்குக் குறைந்த விலை வீட்டுக்கு அரசு வைத்திருந்த உச்ச விலை 25,000 வெள்ளி. பத்து விழுக்காடு முன்பணம் 2,500. மீதி 22,500-க்கு 20 வருடக் கடன், வட்டி 9 விழுக்காடு என்று வைத்தால் மாதம் 202 வெள்ளி சொச்சம். பேக்டரிக்குப் போகும் ஒரு மகள் இருந்தால் தாங்கும். மகளும் இல்லை, வயதும் ஐம்பதைத் தாண்டியது என்றால் தாங்காது. அவர்களுக்கு இழப்பீட்டில் இருந்தும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தில் இருந்தும் பெரும்பங்கை முதலிலேயே கட்டிக் கடனைச் சின்னதாக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் அடியில் அந்த வீட்டுப் பெண்ணிடமும் கையெழுத்து வாங்கினார். அது சட்டப்படி எதற்கும் செல்லாது. ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். "அந்தத் தொகையை அந்தம்மாவும் பார்த்தாச்சுன்னு ஆம்பிளைக்குத் தெரியணும்ல" என்றார்.

இழப்பீட்டுப் பணம் கைக்கு வரும் வாரத்தில் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். மோட்டார் சைக்கிள் கடைக்காரர், டிவி தவணைக்காரர், பழைய கடன்காரர் எல்லாரும் தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்துப் பக்கமே நிற்பார்கள். காசோலை வாங்கிய அன்றே கிளைக்கு வர வேண்டும், முன்பணத்தைத் தனியாக வைப்புத்தொகையில் போட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்தார். அன்று கிளையை மூடும் நேரம் தாண்டியும் கவுன்டர் நடந்தது. முன்பணத்தை எடுத்து வைத்த குடும்பங்கள் அடுத்த சில ஆண்டுகளில் பட்டணத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) குடியேறின. வைக்காதவர்கள் புறம்போக்கு வீடுகளுக்கும் உறவினர் வீட்டுப் பின்கட்டுக்கும் போனார்கள். எத்தனை பேர் இந்தப் பக்கம், எத்தனை பேர் அந்தப் பக்கம் என்று அவர் சொல்ல மறுக்கிறார். எண்ணிக்கை சொன்னால் அது தன் சாதனைபோல ஆகிவிடும் என்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. நோட்டுப் புத்தகம் இருக்கிறது, எண்ணலாம், எண்ணத்தான் வேண்டும். ஆனால் அது அவருடைய புத்தகம்.

ஜாமீன் கையெழுத்து

இன்னொரு பழக்கம். யார் ஜாமீன் போட வந்தாலும், கடன் வாங்குபவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஜாமீன்காரரிடம் பத்திரத்தைத் தமிழில் வாய்விட்டுச் சொல்வார். "அவர் கட்டலைன்னா நீங்க கட்டணும். பாதி இல்ல, முழுசும். வட்டியோட." நண்பனுக்காக, மச்சானுக்காக என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட வந்த பலர் அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்திருக்கிறார்கள். கிளைக்குக் கடன் கணக்கு குறைந்தது. மேலிடத்தில் அதற்காகக் கேள்வியும் வந்தது.

அப்போதைய சட்டத்தில் 10,000 வெள்ளிக் கடன் இருந்தாலே ஒருவரைத் திவாலாக்க முடியும். 2003-ல்தான் அது 30,000 ஆனது. பிறகு 50,000, 2020-ல் 100,000. லாபம் எதிர்பாராமல் பிறர் வீட்டுக்கோ படிப்புக்கோ ஜாமீன் நின்றவரைத் திவாலாக்கக் கூடாது என்ற திருத்தம் 2017-ல் நடப்புக்கு வந்தது. அதற்கு முந்திய பல ஆண்டுகளில், தான் ஒரு காசும் தொடாத கடனுக்காகத் திவாலாகி, பாஸ்போர்ட் முடங்கி, பேங்க் கணக்குத் திறக்க முடியாமல் நின்ற நம்மவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பட்டணத்தில் அது குறைவாக இருந்தது என்று உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் என்னிடம் சொன்னார். காரணம் அந்தப் பத்து நிமிடப் பேச்சு என்று நான் நம்புகிறேன்.

கோயில் கணக்கு

பொருளாளராக அவர் செய்தவற்றை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். என்னிடம் பயில வருகிறவர்களுக்கு நான் சொல்வதில் பெரும்பகுதி இங்கே எடுத்ததுதான்.

முதல் விதி: வந்த ரொக்கம் முழுசாக பேங்குக்குப் போக வேண்டும், செலவு காசோலையில் போக வேண்டும். பூக்காரருக்கு உண்டியல் காசில் இருந்து கொடுத்துவிட்டு மீதியைப் போடுவது என்ற பழக்கத்தை அவர் வந்த முதல் மாதமே நிறுத்தினார். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் ரொக்கத்தில் இருந்து ஒரு தடவை செலவு போய்விட்டால், உண்மையில் எவ்வளவு வந்தது என்பதைப் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சில்லறைச் செலவுக்கு 200 வெள்ளி தனியாக ஒரு டப்பாவில். தீரும்போது ரசீதுகளைக் காட்டினால் செலவான தொகைக்கு மட்டும் ஒரு காசோலை. டப்பாவில் எப்போது எண்ணினாலும் ரொக்கமும் ரசீதும் சேர்ந்து 200 இருக்க வேண்டும்.

உண்டியல் திறக்க மூன்று பேர். ஒருவர் நிர்வாகக் குழு, ஒருவர் உபயக்காரர், மூன்றாமவர் அன்றைக்குச் சாமி கும்பிட வந்த யாரோ ஒருவர். 50, 20, 10, 5, 1, சில்லறை என்று ஒரு தாளில் தனித்தனியாக எழுதி மூவரும் கையெழுத்திடுவார்கள். பேங்கில் பணம் போட்ட சீட்டு அதனோடு ஒட்டப்படும். இரண்டும் காசு பிசகாமல் ஒத்துப்போக வேண்டும்.

அர்ச்சனைச் சீட்டுப் புத்தகங்கள் வரிசை எண்ணோடு அச்சடிக்கப்பட்டு, கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் எண் குறிக்கப்பட்டன. காசோலைக்கு இரண்டு கையெழுத்து. தலைவர் வெளியூர் போகும்போது வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுத்தரச் சொன்னால் முடியாது என்பார். "நான் உங்களை நம்பாம இல்லண்ணே. பேங்கில பெட்டகத்துக்கு ரெண்டு சாவி, ரெண்டு ஆள். முப்பது வருஷமா என்னையும் அப்படித்தான் வச்சிருந்தாங்க."

மாதக் கடைசியில் ஒரு மணிலா அட்டையில் வரவு, செலவு, கையிருப்பு எழுதி, பிரசாதம் கொடுக்கும் இடத்துக்கு மேலே ஒட்டுவார். அர்ச்சகர் சம்பளம், மின்கட்டணம், பூ, எண்ணெய் எல்லாம் தமிழில். அரிசி மூட்டை, எண்ணெய் டின் என்று பொருளாக வந்த உபயமும் கீழே எழுதப்படும். பிரசாத வரிசையில் நிற்கிறவர்கள் வேறு வழியில்லாமல் அதைப் படிப்பார்கள். கேள்வி கேட்பார்கள். கேள்வி வர வர உண்டியலும் கூடியது என்பது அவருடைய அனுபவம். மற்ற இடங்களில் நானும் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக் கட்டட நிதியிலும் இதே முறைதான். அது அரசின் பாதி உதவி பெறும் பள்ளி, நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். கட்டடம் கட்ட ஊரார் கொடுத்த பணம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. மூவர் கையெழுத்தோடு நிரந்தர வைப்புத்தொகையில் போட்டார். வட்டி எவ்வளவு சேர்ந்தது என்று ஒவ்வொரு ஆண்டும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் படித்தார். அவ்வளவுதான், அங்கே பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பணம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

அவரால் முடியாதவை

அவர் கதவு வரைக்கும் வந்தவர்களுக்குத்தான் அவர் உதவ முடிந்தது. தேநீர்க் கடை வைக்க 3,000 வெள்ளி கேட்டு ஒருவர் வந்தார். அடமானம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. விதிப்படி மறுத்தார். அந்த மனிதர் ஆலோங்கிடம், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரனிடம் போனார். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆலோங் மாதத்துக்கே பத்து விழுக்காடு கேட்பான். இரண்டு வருடத்தில் அந்தக் குடும்பம் இரவோடு இரவாக ஊரை விட்டுப் போனது. அரசின் தெக்குன் நிறுவனம் வழியாக இந்தியச் சிறுதொழிலுக்கு ஸ்புமி திட்டக் கடன் எல்லாம் பின்னாளில் வந்தவை. அன்றைக்கு அவர் கையில் அனுப்பிவைக்க வேறு இடம் இல்லை.

2001-ல் பேங்க் நெகாராவின் கடன் பதிவு முறையான சிசிஆர்ஐஎஸ் வந்து, கடன் முடிவுகள் எல்லா வங்கிகளிலும் மெல்ல மெல்லத் தலைமையகத்துக்குப் போயின. ஆளைத் தெரிந்து கொடுக்கிற அதிகாரம் கிளையில் இல்லாமல் போனது. அதில் நல்லதும் உண்டு. நிர்வாகியின் சாதிக்காரனுக்கும் சொந்தக்காரனுக்கும் கடன் என்ற பேச்சு ஒழிந்தது. ஆனால் 22 வருடம் ஒரு தவணைகூடத் தவறாத கூட்டுக்காரப் பெண்மணியின் நாணயம் எந்தக் கணினியிலும் ஏறவில்லை.

கோயிலில் அவருக்கு நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். திருப்பணி நிதியில் இருந்து ஒரு குத்தகைக்காரருக்கு (காண்ட்ராக்டருக்கு) மூன்று மாதத்துக்குக் கைமாற்று கொடுக்கலாம் என்று குழுவில் முடிவெடுத்தார்கள். காசோலையில் கையெழுத்துப் போட மறுத்தார். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் வாக்கெடுப்பில் தோற்றார். 24 ஆண்டுப் பொருளாளர் பேரேடுகளை ஒவ்வொன்றாகப் பக்க எண் சொல்லி ஒப்படைத்து, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வெள்ளிக்கிழமைகளில் வழக்கம்போலக் கும்பிட வந்தார்.

இங்கே அவரிடம் எனக்கு ஒரு விமர்சனம் உண்டு, அவரிடமே சொன்னேன். 24 ஆண்டுகளில் பக்கத்தில் ஓர் ஆளை உட்காரவைத்துப் பழக்கவில்லை. விதிகள் எல்லாம் அவர் தலையிலும் கையிலும் இருந்தன. குழுவின் சட்டதிட்டத்தில் ஒரு வரிகூட ஏறவில்லை. அவர் போன மூன்றாம் மாதம் மணிலா அட்டை நின்றது. பேங்கில் அவர் விடுப்பில் போனால் இரண்டாம் சாவிக்கு வேறு ஆள் பெயர் எழுதப்படும். கோயிலில் அதைச் செய்ய அவருக்குத் தோன்றவில்லை. இதை அவர் மறுக்கவில்லை.

இப்போது

ஓய்வுக்குப் பிறகு ஞாயிறு காலைகளில் பட்டணத்து மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்கிறார். இபிஎஃப் நியமனப் பாரம் நிரப்பாதவர்களை நிரப்ப வைக்கிறார். கடன் அட்டையில் மாட்டிக்கொண்டவர்களை, பேங்க் நெகாரா 2006-ல் ஆரம்பித்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்துக்கு அனுப்புகிறார். அங்கே ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை என்பதையே பலர் அவரிடம்தான் முதலில் கேட்கிறார்கள். சிசிஆர்ஐஎஸ் அறிக்கையை எடுத்து எப்படிப் படிப்பது என்று சொல்லித்தருகிறார். கிராணியாகச் சேர்ந்த நாளில் கவுன்டரில் கேட்ட அதே கேள்வியை இன்று கைப்பேசித் திரையைக் காட்டிக் கேட்கிறார்கள்: "எவ்வளவு பாக்கி இருக்குன்னு பாருங்க அங்கிள்."

கோயிலில் இப்போது ஒரு கணக்காய்வு படித்த இளம்பெண் பொருளாளர். பழைய பேரேடுகளைப் பார்த்துவிட்டு அவரே தேடி வந்தார். இருவரும் சேர்ந்து அந்த விதிகளைப் பதினான்கு வரியாக எழுதி, பொதுக்கூட்டத்தில் சட்டதிட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். சங்கப் பதிவகத்துக்கு ஆண்டறிக்கை, கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் இணையத்தில் போகிறது. மணிலா அட்டை திரும்பவும் ஒட்டப்படுகிறது, இம்முறை அச்சடித்து.

உண்டியல் பக்கத்தில் கைப்பேசியில் பணம் அனுப்பும் டுயிட்நவ் கியூஆர் ஒட்டலாமா என்ற பேச்சு வந்தபோது, வயதானவர் மறுப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ரொக்கம் கை மாறாமல் நேரே பேங்குக்குப் போகிறது, நல்லதுதானே என்றார் அவர். ஒன்றே ஒன்று கேட்டார்: "ஸ்கேன் பண்ணினா யார் பேர் வருது?" சோதித்துப் பார்த்தார்கள். அன்னதானத்துக்கென்று முந்திய குழு ஏற்கெனவே ஒட்டிவிட்டுப்போன ஒரு கியூஆரில், கோயில் பெயருக்குப் பதில் தனிநபர் ஒருவர் பெயர் வந்தது. அன்றைக்கே அதைக் கிழித்தெடுத்துவிட்டு, கோயில் கணக்கின் கியூஆரை ஒட்டினார்கள். பழைய கணக்கில் எவ்வளவு விழுந்தது என்று கேட்டுக் குழு கடிதம் எழுதியிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அது மூன்றாவதாக இருக்கிறது.